கியர்பாக்ஸ் பிழைக்குறியீட்டைப் படிக்க எதை நம்புவது: 50 வெள்ளி அடாப்டரா, டேப்லெட் ஸ்கேனரா, பட்டறையா?

செக் என்ஜின் விளக்கு எரிகிறது. 'டி'யில் போட்டதும் கார் ஒரு கணம் தயங்கி, பிறகு ஒரு வெட்டு வெட்டிக்கொண்டு நகர்கிறது. இந்த நிலையில் கோலாலம்பூரில் ஒரு கார் உரிமையாளருக்கு நான்கு வழிகள் உண்டு. ஷாப்பியிலோ லாசாடாவிலோ 30, 50 வெள்ளிக்குக் கிடைக்கும் புளூடூத் அடாப்டரை வாங்கிக் கைப்பேசியில் பார்க்கலாம். சிறு திரையுள்ள கையடக்கக் கருவி ஒன்றை 100, 200 வெள்ளிக்கு வாங்கலாம். பட்டறைக்காரர்கள் வைத்திருப்பது போன்ற டேப்லெட் ஸ்கேனரையே ஆயிரத்துக்கு மேல் கொடுத்துச் சொந்தமாக்கிக்கொள்ளலாம். இவை எதுவும் வேண்டாம் என்று ஸ்கேன் கட்டணத்தைப் பட்டறையிலோ சர்வீஸ் சென்டரிலோ கட்டிவிடலாம். விலையை மட்டும் வைத்து இவற்றை வரிசைப்படுத்துவது எளிது. ஆனால் கியர்பாக்ஸைப் பொறுத்தவரை அந்த வரிசை நம்மைத் தவறான இடத்தில் கொண்டுபோய் விட்டுவிடும். ஏனென்றால் இங்கே முதலில் கேட்க வேண்டியது, இந்தக் கருவி கியர்பாக்ஸின் சொந்தக் கணினியோடு பேசுமா, அல்லது என்ஜின் கணினியோடு மட்டும் பேசித் திரும்பிவிடுமா என்பதுதான்.

இந்த வேறுபாட்டை விளங்கிக்கொள்ள பி0700 என்ற ஒரே ஒரு குறியீடு போதும். 'கியர்பாக்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பில் கோளாறு' என்பதற்கு மேல் அதற்குப் பொருள் இல்லை. டிசிஎம் எனப்படும் கியர்பாக்ஸ் கணினி, தன்னிடம் ஒரு பிழை பதிவாகிவிட்டது, விளக்கை எரியவிடு என்று என்ஜின் கணினியைக் கேட்கிறது; அந்தக் கோரிக்கையை என்ஜின் கணினி குறித்துவைப்பதே பி0700. கொண்டோவின் நுழைவாயிலில் நிற்கும் காவலாளி, பதினோராம் மாடியில் ஏதோ சத்தம் என்று சொல்வார். எந்த வீட்டில், யாருக்கும் யாருக்கும் இடையே என்பது அவருக்குத் தெரியாது. மலிவான கருவிகள் பெரும்பாலும் அந்தக் காவலாளியிடம் மட்டுமே விசாரித்துவிட்டு வந்துவிடுகின்றன. பி0700ஐப் பார்த்துவிட்டு, கியர்பாக்ஸ் போய்விட்டது என்று முடிவுகட்டுபவர் உண்மையில் இன்னும் எதையுமே படிக்கவில்லை.

இது கருவி செய்தவர்களின் சோம்பல் மட்டும் அன்று. காரின் பிழைகளைப் படிப்பதற்கான ஓபிடி-2 என்ற பொதுமுறை அமெரிக்காவில் 1996ஆம் மாடல் ஆண்டு முதல் கட்டாயமானது, புகைக் கட்டுப்பாட்டுக்காக. ஆகவே எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான அந்த மொழியில் என்ஜினும் புகையும் முதலிடம் பெற்றன. டிசிஎம்மின் உள்விவரங்களை ஒவ்வொரு நிறுவனமும் தன் சொந்த மொழியிலேயே வைத்துக்கொண்டது. பி0 என்று தொடங்கும் குறியீடுகள் எல்லாக் கார்களுக்கும் பொதுவானவை என்றும், பி1 என்று தொடங்குபவை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும் என்றும் நினைவில் வைத்துக்கொண்டால், இணையத்தில் தேடும்போது வேறு காரின் விளக்கத்தை நம் காருக்குப் பொருத்தி ஏமாறாமல் இருக்கலாம். விதிவிலக்கும் உண்டு. நான்கு வேக கியர்பாக்ஸ் கொண்ட டொயோட்டா வியோஸ் போன்ற கார்களில் என்ஜினையும் கியர்பாக்ஸையும் ஒரே கணினி கவனிக்கிறது. அவற்றில் மலிவு அடாப்டருக்குக்கூட கியர்பாக்ஸ் குறியீடுகள் நேராகக் கிடைக்கின்றன. எனவே எந்தக் கருவி நல்லது என்று கேட்பதற்கு முன் நம் காரில் டிசிஎம் தனியாக இருக்கிறதா என்று கேட்பது நல்லது.

இனி அடாப்டருக்கு வருவோம். இவற்றின் பெயரில் இருக்கும் இஎல்எம்327 என்பது கனடாவின் எல்ம் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் உருவாக்கிய சில்லு. நம்மூரில் விற்பனையாகும் மலிவு அடாப்டர்களில் இருப்பது பெரும்பாலும் அதன் நகல்தான். அட்டைப்பெட்டியில் அச்சிட்ட பதிப்பு எண்ணை நம்பக்கூடாது, 2.1 என்று எழுதிய பல நகல்களில் முக்கியமான கட்டளைகளே இல்லை, 1.5 என்று எழுதியவற்றில் சில அவற்றைவிட நன்றாக வேலை செய்கின்றன. ஐபோன் வைத்திருப்பவர்கள் சாதாரண புளூடூத் அடாப்டரை வாங்கினால் அது இணையாது. குறைமின் புளூடூத்தோ வைஃபையோ உள்ளதைத்தான் வாங்க வேண்டும். இன்னொன்று, ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 முனை சாக்கெட் இருப்பதாலேயே எல்லாப் பழைய காரும் பொதுமொழியில் பேசும் என்று எண்ண வேண்டாம். சில பழைய பெரோடுவா கார்கள், செயலியின் அமைப்பில் தனிக் கட்டளைகளைச் சேர்க்கும்வரை அடாப்டருக்குப் பதிலே சொல்வதில்லை.

இவ்வளவு குறை சொன்ன பிறகும், அடாப்டர் வாங்குவதற்கே நான் வாக்களிப்பேன்; ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. அடாப்டரின் மதிப்பு அதோடு சேர்ந்து ஓடும் செயலியில்தான் இருக்கிறது. டார்க் போன்ற பொதுச் செயலிகள் என்ஜின் பக்கத்தோடு நின்றுவிடும். அதே அடாப்டரில் சிவிடிஸெட்50 என்ற செயலியைப் போட்டால், ஜாட்கோ நிறுவனத்தின் சிவிடி (படிப்படியான கியர்கள் இல்லாத தானியங்கி கியர்பாக்ஸ்) உள்ள நிஸான் எக்ஸ்-டிரெயில், மிட்சுபிஷி ஏஎஸ்எக்ஸ் போன்ற கார்களின் டிசிஎம்முக்குள்ளேயே போய் எண்ணெயின் வெப்பநிலை, அழுத்தம், எண்ணெய்த் தேய்மானக் கணக்கு ஆகியவற்றைக் காட்டும். ஃபோர்டு கார்களுக்கு ஃபோர்ஸ்கேன் அதே வேலையைச் செய்கிறது. இந்த இரண்டு வகைகளில் ஏதாவது ஒரு கார் வைத்திருப்பவர், நூறு வெள்ளிக்குள் செலவழித்து, ஆயிரம் வெள்ளிக் கருவி சொல்வதில் பெரும்பகுதியைக் கேட்டுவிடலாம். கூட்டரசு நெடுஞ்சாலையின் மாலை நெரிசலில் ஒரு தடவையும், கெந்திங் மலைச்சாலையில் ஒரு தடவையும் எண்ணெய் வெப்பநிலையைக் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னொரு நாள் அதே சாலையில், அதே சுமையில் அது மிகக் கூடுதலாக ஏறினால், குறியீடு எதுவும் விழுவதற்கு முன்பே செய்தி வந்துவிட்டது என்று பொருள்.

அடாப்டரின் இன்னொரு சிறு பயனை யாரும் விளம்பரப்படுத்துவதில்லை: அது பேட்டரியின் வோல்ட்டேஜைக் காட்டும். ஸ்டார்ட் செய்யும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழும் பேட்டரியால் டிசிஎம் குழம்பி மௌனமாகிவிட, அதோடு தொடர்பு அறுந்துவிட்டது என்று யூ0101 போன்ற குறியீடுகளை மற்ற கணினிகள் பதிந்துவிடக்கூடும். கார் பாதுகாப்பு நிலைக்குப் போய் ஒரே கியரில் நின்றுவிடவும் கூடும். நம் வெயிலில் பேட்டரியின் ஆயுள் எவ்வளவு குறைவு என்பது இங்கே கார் வைத்திருக்கும் எல்லாருக்கும் தெரியும். எனவே கியர்பாக்ஸ் குறியீடு எதைக் கண்டாலும் முதலில் பேட்டரியைச் சோதித்துவிடுவது நல்லது. அடாப்டரைச் சாக்கெட்டிலேயே விட்டுவிட்டு ஊருக்குப் போய்விடாதீர்கள். அதுவே பேட்டரியை உறிஞ்சிவிடும்.

100, 200 வெள்ளிக் கையடக்கக் கருவியைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றும் இல்லை. அடாப்டர் செய்வதையே அதைவிடச் சிறிய திரையில் செய்யும். நிறுவனச் செயலியைப் போட வழியும் இல்லை. லாஞ்ச் சிஆர்பி123 போல என்ஜின், கியர்பாக்ஸ், ஏபிஎஸ், ஏர்பேக் என்ற நான்கையும் தனித்தனியே படிக்கும் கருவிகள் வேறு இனம். அவற்றின் விலையும் வேறு. பெட்டியின் மேல் கியர்பாக்ஸ் என்ற சொல் இல்லாத கையடக்கக் கருவியை இந்த வேலைக்கென்று வாங்க வேண்டாம்.

குறியீடு கிடைத்த பிறகு அதை எப்படிப் படிப்பது என்பதில்தான் கருவிகளின் உண்மையான வேறுபாடு தெரியும். கியர்பாக்ஸ் குறியீடுகளில் இரண்டு வகை உண்டு. சில, மின்சுற்றைப் பற்றிப் புகார் சொல்பவை: பி0705 கியர் நெம்புகோலின் நிலை காட்டும் சென்சார், பி0710 எண்ணெய் வெப்பநிலைச் சென்சார், பி0715 உள்ளீட்டு வேகச் சென்சார், பி0720 வெளியீட்டு வேகச் சென்சார், பி0750 ஷிஃப்ட் சொலினாய்டு (கியரை மாற்றும் மின்வால்வு). மற்றவை, செயல்பாட்டைப் பற்றிப் புகார் சொல்பவை: பி0730 கியர் விகிதம் பொருந்தவில்லை என்கிறது, பி0741 என்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் டார்க் கன்வர்ட்டரின் கிளட்ச் பிடிக்கவில்லை என்கிறது, பி0868 எண்ணெய் அழுத்தம் குறைவு என்கிறது. முதல் வகைக்கு ஒரு நல்ல மல்ட்டிமீட்டரே பாதி வேலையை முடித்துவிடும். பல டொயோட்டா நான்கு வேக கியர்பாக்ஸ்களில் ஷிஃப்ட் சொலினாய்டின் மின்தடை 20 பாகை செல்சியஸில் 11 முதல் 15 ஓம் வரை இருக்க வேண்டும், அளந்து பார்த்தால் தெரிந்துவிடும். இரண்டாம் வகைக்கு லைவ் டேட்டா, அதாவது சென்சார்களின் எண்கள் அந்தந்தக் கணத்தில் திரையில் ஓடுவது, இல்லாமல் ஒன்றும் நடக்காது. அதற்குமேல் ஒரு சிக்கல், முதல் வகைக் கோளாறு இரண்டாம் வகைக் குறியீட்டையும் கூடவே விழச்செய்யும். வேகச் சென்சார் பொய் சொன்னால் டிசிஎம் போடும் விகிதக் கணக்கும் பொய்யாகிவிடும் அல்லவா?

என் மைத்துனர் ஒருவரின் காரில் நடந்தது இதுவே. பி0715ம் பி0730ம் சேர்ந்து விழுந்திருந்தன. ஒரு பட்டறையில் இரண்டாவது குறியீட்டை மட்டும் சுட்டிக்காட்டி, கியர் வழுக்குகிறது, இறக்கி ஓவர்ஹால் செய்ய வேண்டும் என்று பல ஆயிரம் வெள்ளிக்கு விலை சொன்னார்கள். பிறகு செந்தூலில் கியர்பாக்ஸ் வேலை மட்டும் செய்யும் ஒரு போர்மனிடம் காரைக் காட்டினோம். அவர் டேப்லெட்டை மாட்டி, காரை 'பி'யிலேயே ஐட்லிங்கில் விட்டு, லைவ் டேட்டாவில் உள்ளீட்டு வேகத்தை மட்டும் திரையில் வைத்தார். 'பி'யில் என்ஜினோடு சேர்ந்தே கியர்பாக்ஸின் உள்ளீட்டுப் பக்கத்து டர்பைன் சுழல்வதால் எண் 700 அருகில் நின்றது. பிறகு பானெட்டுக்குள் கையை விட்டு, சென்சாருக்குப் போகும் ஒயரின் இணைப்பியை விரலால் மெல்ல அசைத்தார். எண் 0 ஆனது. விட்டதும் 700க்குத் திரும்பியது. "அண்ணே, வந்து நீங்களே பாருங்க," என்று மைத்துனரை அழைத்து இன்னொரு தடவை அசைத்துக் காட்டினார். இணைப்பியைக் கழற்றினால் முனைகளில் பச்சைப் பூச்சு; ஒரு வெள்ளத்தில் அந்தக் கார் நீரில் நின்ற கதை அப்போதுதான் வெளியே வந்தது. 2021 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு ஷா ஆலாம், கிள்ளான் பக்கத்துப் பழைய கார் வாங்குபவர்கள் எல்லாருமே இந்த இணைப்பிகளை ஒரு தடவை கழற்றிப் பார்த்துவிடுவது நல்லது.

அந்தப் போர்மன் அதோடு நிறுத்தவில்லை. இணைப்பியைச் சுத்தம் செய்தபின் சாலையில் ஓட்டி, மூன்றாம் கியரில் உள்ளீட்டு வேகத்தையும் வெளியீட்டு வேகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அந்தக் கியர்பாக்ஸில் மூன்றாம் கியரின் விகிதம் 1.000, எனவே இரண்டு எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். உள்ளே 2,000 சுற்றும் வெளியே 1,700 சுற்றும் இருந்திருந்தால் 15 விழுக்காடு வழுக்கல், ஓவர்ஹால் பேச்சில் நியாயம் இருந்திருக்கும். இரண்டும் ஒன்றாகவே ஓடின. இந்தச் சோதனைக்குத் தேவையானது இரண்டு எண்கள் ஒரே திரையில் நகர்வதும், அந்த கியர்பாக்ஸின் விகித அட்டவணையும் மட்டுமே. தனி டிசிஎம் இல்லாத காராக இருந்தால், தகுந்த செயலியோடு அடாப்டரிலேயே இதைச் செய்திருக்க முடியும்.

அப்படியானால் ஆயிரக்கணக்கில் விலையுள்ள டேப்லெட் ஸ்கேனர் எதற்கு? லாஞ்ச், ஆட்டெல் போன்ற நிறுவனங்களின் இருவழிக் கருவிகள் படிப்பதோடு நிற்காமல் கட்டளையும் இடும்: சொலினாய்டை ஒவ்வொன்றாக இயக்கிப் பார்க்கலாம், கிளட்ச் பழகிய அளவுகளை அழித்துப் புதிதாகக் கற்பிக்கலாம், எண்ணெய் மாற்றியபின் தேய்மானக் கணக்கைச் சுழியாக்கலாம். ஃபோக்ஸ்வாகனின் ஏழு வேக டிஎஸ்ஜி என்ற இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸில் கிளட்சையோ, அதை இயக்கும் மெக்காட்ரானிக் பகுதியையோ மாற்றிய பிறகு, அளவுகளைப் புதிதாகக் கற்பிக்கும் அடிப்படை அமைப்பைச் செய்யாமல் கார் ஒழுங்காக ஓடாது. நிஸான் சிவிடியில் எண்ணெய் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் வால்வ் பாடியை மாற்றினால், அதற்குரிய அளவுத்திருத்த எண்களை டிசிஎம்முக்குள் எழுதியாக வேண்டும். இவை பழுது பார்த்த பிறகு தேவைப்படும் வேலைகள் என்பதைக் கவனியுங்கள். பாகத்தைத் தானே மாற்றப்போகாத ஓர் உரிமையாளருக்கு இந்த வசதிகளில் பெரும்பாலானவை அலங்காரமே. தெரியாமல் தொட்டால் ஆபத்தும்கூட. கற்றுவைத்த அளவுகளை அழித்துவிட்டு, மீண்டும் கற்பிக்கும் முறை தெரியாமல் விட்டால், நேற்றுவரை லேசாக வெட்டிய கார் இன்று முழுமையாகவே வெட்டும். இலவசப் புதுப்பிப்புக் காலம் முடிந்ததும் ஆண்டுக் கட்டணம் தொடங்கும் என்பதையும் விலையோடு சேர்த்துக் கணக்கிட வேண்டும். அண்ணன் தம்பி, மாமன் மச்சான் என்று நான்கைந்து கார்கள் ஒரு குடும்பத்தில் சுற்றிவந்து, அவற்றின் வேலையைக் கையால் செய்யத் தெரிந்த ஒருவரும் இருந்தால் மட்டுமே இதை வாங்கச் சொல்வேன்.

ஃபோக்ஸ்வாகன், ஆடி, ஸ்கோடா வைத்திருப்பவர்களுக்கு மட்டும் என் பதில் வேறு. அவர்கள் பொதுக் கருவி எதையும் வாங்காமல், ராஸ்-டெக் நிறுவனத்தின் விசிடிஎஸ் மென்பொருளையும் அதற்கென்றே உள்ள கேபிளையும் நோக்கிச் சேமிப்பது மேல். உலர் கிளட்ச் டிஎஸ்ஜியில் அழுத்தம் போதவில்லை என்பதைச் சொல்லும் பி189சி, ஹைட்ராலிக் பம்பைப் பற்றிய பி17பிஎஃப் ஆகியவை அந்தக் குடும்பத்தின் தனிமொழிக் குறியீடுகள். இவை தெரியாத கருவி வெறும் எண்ணைக் காட்டிவிட்டு மௌனமாகிவிடும்.

பட்டறை வழியை எடுப்பவர்களுக்கு, பட்டறைக்கும் பட்டறைக்கும் உள்ள வேறுபாடு கருவிகளுக்கு இடையிலான வேறுபாட்டைவிடப் பெரிது. ஒரே விலையுள்ள டேப்லெட்டை ஒருவர் குறியீட்டைப் படித்துவிட்டு மூடிவைப்பார். இன்னொருவர் அதை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வருவார். காரை விடுவதற்கு முன் இரண்டைக் கேளுங்கள்: டிசிஎம் பக்கத்தின் அறிக்கையை வாட்ஸ்அப்பில் அனுப்புவீர்களா, ஓட்டிப் பார்த்துத்தான் முடிவு சொல்வீர்களா? இரண்டுக்கும் சரி என்பவரிடம் 100 வெள்ளி ஸ்கேன் கட்டணம் கேட்டாலும் கொடுக்கலாம். ஸ்கேன் இலவசம் என்று சொல்லும் இடங்களில் அதற்கான விலை ஓவர்ஹால் சிட்டையில் ஒளிந்திருக்கக்கூடும் என்பது என் சந்தேகம்; சந்தேகம்தான், எல்லாரையும் சொல்லவில்லை.

வாரண்டி உள்ள காருக்கு இந்த ஒப்பீடே தேவையில்லை. புரோட்டோனும் பெரோடுவாவும் புதிய கார்களுக்கு 5 ஆண்டு அல்லது 150,000 கிலோமீட்டர் வாரண்டி தருகின்றன. அந்த வரம்புக்குள் இருப்பவர் நேராக சர்வீஸ் சென்டருக்குத்தான் போக வேண்டும். போவதற்கு முன் ஆர்வத்தில் அடாப்டரை மாட்டி குறியீட்டை அழித்துவிடக்கூடாது. அழிக்கும்போது, கோளாறு பதிவான அந்தக் கணத்தில் வேகம், சுற்று, வெப்பநிலை எவ்வளவு இருந்தன என்று கணினி எடுத்துவைத்த ஃப்ரீஸ் ஃப்ரேம் பதிவும் சேர்ந்தே அழிந்துவிடும். சர்வீஸ் சென்டரில், கோளாறு எதுவும் தெரியவில்லை என்று காரைத் திருப்பிக் கொடுத்தால் வாதாட நம்மிடம் எதுவும் மிஞ்சாது. படியுங்கள், திரையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அழிக்காமல் கொண்டுபோங்கள்.

வாரண்டி முடிந்த வியோஸ் வகைக் காருக்கு நல்ல அடாப்டரும் மல்ட்டிமீட்டரும் சேர்ந்து போதும். ஜாட்கோ சிவிடிக்கு அடாப்டரோடு அதற்குரிய செயலியும் வேண்டும். பழைய சாகா, பிரிவே, எக்ஸோரா ஆகியவற்றில் இருக்கும் பஞ்ச் சிவிடிக்கு நான் எந்தக் கருவியும் வாங்கமாட்டேன். அந்த கியர்பாக்ஸையே நாள்தோறும் திறந்து பார்க்கும் சிறப்புப் பட்டறைகள் கிள்ளான் பள்ளத்தாக்கில் இருக்கின்றன, அவர்களின் ஸ்கேன் கட்டணம் என் நேரத்தைவிட மலிவு. பட்டறைக்குப் போகும் நாளில் பேட்டரி எப்போது மாற்றியது, கியர்பாக்ஸ் எண்ணெய் எந்தக் கிலோமீட்டரில் எந்த வகை ஊற்றியது என்ற இரண்டையும் எழுதிக்கொண்டு போனால், போர்மன் கேட்கும் முதல் இரண்டு கேள்விகளுக்கு வாசலிலேயே பதில் கிடைத்துவிடும்.